கசிவு இல்லை

ஊசியை உருவியதும் அக்கா பஞ்சை வாங்கித் தன் கட்டைவிரலால் அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். தம்பியின் இடது புறங்கை. நர்ஸ் பிளாஸ்டரைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அக்கா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தாறு. மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். இவனுக்குப் பத்து.

"அக்கா," என்றாள் நர்ஸ், மெதுவாக. "விட்டுடுங்க. இனிமே வராது."

தெரியும் என்பதுபோல அக்கா தலையை ஆட்டினாள். விரலை எடுக்கவில்லை.

"பத்து நிமிஷம்," என்றாள்.

நர்ஸ் வற்புறுத்தவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மார்பில் ஒட்டியிருந்த வட்டத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். மூச்சுக்காக வாயில் விட்டிருந்த குழாயை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். திரையில் கோடுகள் இல்லை. தம்பி இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கை இன்னும் சூடாகத்தான் இருந்தது, அதனால் அழுத்துவது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. பதினொன்று முப்பத்தாறுக்கு விரலை எடுத்துப் பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

தம்பிக்கு நாற்பத்துநாலு வயது. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஏன் தாமதம் என்று எழுதுகிற வேலை. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவனை 'டைம்' என்றே கூப்பிட்டார்கள். "டைம் இருக்காரா?" என்று யாராவது கேட்டால், "நமக்கெல்லாம் ஏதுப்பா டைம்" என்று பதில் வரும். இருபது வருடமாக அதே ஜோக். அதற்கு இருபது வருடமாகச் சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் உறையாது. வெட்டுக்காயத்தைவிட உள்காயம்தான் பெரிய தொல்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே முழங்காலுக்குள் கசியும், மூட்டு பலாப்பழம்போல வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். முதலில் அதற்கு மருந்து இருந்தது. அவன் ரத்தத்தில் இல்லாத அந்த ஒரு பொருளை ஊசியில் ஏற்றினால் கசிவு நின்றுவிடும். பதினேழாவது வயதில் ஒருநாள் போட்ட ஊசி வேலை செய்யவில்லை. இரண்டு மடங்கு போட்டார்கள், அப்போதும் நிற்கவில்லை. ஏற்றுகிற மருந்தையே பகையாளி என்று நினைத்து உடம்பு அழிக்க ஆரம்பித்துவிட்டது, சிலருக்கு அப்படி ஆகும், அந்த எதிர்ப்புக்கு 'இன்ஹிபிட்டர்' என்று பெயர் என்றார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "காவலுக்கு வந்தவனையே நாய் கடிச்சுத் தொரத்துது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். டாக்டர்கள் சொன்னதைவிட அது எல்லோருக்கும் சுலபமாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு பல் பிடுங்குவதுகூட அவனுக்குப் பெரிய விஷயமானது. முழங்கால்கள் இரண்டும் மடங்கியபடியே இறுகிப்போயின. வலது கால் படுமோசம். அறுவை சிகிச்சை என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கத்தி வைத்தால் அதற்கப்புறம் எதைக் கொண்டு நிறுத்துவது?

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். புது மருந்து வந்திருக்கிறது, அடைபட்ட வழியை விட்டுவிட்டு வேறு வழியாகப் போய் ரத்தத்தை உறையவைக்கும், நோயாளிகள் சங்கம் மூலமாகக் கிடைக்கிறது, அதை வைத்துக்கொண்டு முழங்கால் மாற்றுகிறார்கள் என்று நாலு வருடமாகச் சொன்னான். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். அக்காவும் வேண்டாம் என்றாள். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு புத்தகம் அச்சுக்குப் போனபிறகு பிழையைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். திருத்த முடியாத இடத்துக்கு எதையும் அனுப்பக்கூடாது என்பது அவளுடைய கட்சி.

போன வருடம் டிப்போவில் டைம் ஆபீசை மாடிக்கு மாற்றினார்கள். ஒரு காலை அவன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போக, அக்கா அதை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். மாடிப்படி கட்டிடத்துக்கு வெளிப்புறமாக, இரும்பில் இருந்தது. தம்பி படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த பையை ஒரு படி மேலே வைத்தான். இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி அந்தப் படியில் உட்கார்ந்தான். மறுபடி பையை ஒரு படி மேலே வைத்தான். கண்டக்டர்கள் அவனைத் தாண்டி ஏறிப் போனார்கள், இறங்கி வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள். அவனும் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னான். பத்தொன்பது படி. அக்கா ஒரு பஸ்ஸின் பின்னால் நின்று எண்ணினாள். பிறகு கண்ணாடியைக் கீழே மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அன்று சாயந்திரம் அவன் வந்ததும், "எப்போ ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு கேளு," என்றாள்.

"அம்மா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினாள். அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

ரத்த நோய் டாக்டர் ஒரு பெண்மணி. நிதானமானவர். எதையும் மறைத்துப் பேசுகிற வழக்கமில்லை. ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் சாஞ்சா ரத்தம் நிக்காது. அந்தப் பக்கம் சாஞ்சா, உறையக்கூடாத எடத்துல உறைஞ்சிடும். இந்த மருந்த வெச்சுக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுலதான் போகணும்."

"குறுகலான பாலம்னு சொல்லுங்க," என்றான் தம்பி. "எதிர்ல வண்டி வராதில்ல?"

"வெளயாட்டில்ல இது. ரெண்டு பக்கமும் ஆபத்துதான்."

"டாக்டர், என் ரத்தத்துக்கு உறையறதுன்னா என்னன்னே தெரியாது. நீங்க இந்தப் பக்கத்த மட்டும் பாத்துக்கோங்க."

அக்கா நோட்டு வைத்திருந்தாள். கசிந்தால் எவ்வளவு நேரத்தில் தெரியும், நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள், மாற்று மருந்து உண்டா, எத்தனை குப்பி கையிருப்பு என்று பன்னிரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தாள். பன்னிரண்டுக்கும் பதில் குறித்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன இன்னொரு பக்கத்தைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது. கேட்காமல் இல்லை. காதில் விழுந்தது. அடுத்த வீட்டு விலாசத்துக்கு வந்த கடிதம்போல அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. மூன்று மணி நேரம். முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. முழங்காலிலிருந்து ஒரு குழாய் வந்து கட்டிலுக்கடியில் தொங்கும் புட்டியில் முடிந்தது. அக்கா நாற்காலியை அந்தப் புட்டி தெரியும்படி போட்டுக்கொண்டாள். புட்டியின் அடிமட்டம் நனைந்ததோடு சரி. மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். கட்டில்காலில் தொங்கிய அட்டையில் நர்ஸ்கள் ஒவ்வொரு முறையும் 'கசிவு இல்லை' என்று எழுதினார்கள். அக்கா அதை ஒவ்வொரு முறையும் படித்தாள். ஒரு நர்ஸ் 'கசிவ இல்லை' என்று எழுதியிருந்ததில் பேனாவால் 'வ'வை 'வு' ஆக்கினாள்.

தம்பி உற்சாகமாக இருந்தான். மருந்தோடு நர்ஸ் வரும்போது, "எட்டு மணி வண்டி நாலு நிமிஷம் லேட். காரணம் எழுதிக் குடுங்க," என்பான். அவர்களும், "டயர் பஞ்சர் சார்," என்பார்கள். நாலாம் நாள் பயிற்சி கொடுப்பவர் வந்து அவனை எழுப்பி நிற்கவைத்தார். ஜன்னல் வரைக்கும் பதினோரு அடி நடந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தைப் பார்த்தான். "எவனுக்குமே ஒழுங்கா வண்டி நிறுத்தத் தெரியல," என்றான். திரும்ப வரும்போது கண் கலங்கியிருந்தது. வலியா என்று அக்கா கேட்டாள். இல்லை என்றான்.

அன்று சாயந்திரம் வலது கெண்டைக்கால் இறுகுகிறது என்றான்.

"இங்கயா?"

"ஆமா. பழைய விருந்தாளி. இன்னிக்கு நடந்தேன்ல, கேள்விப்பட்டு வந்துட்டான்."

அக்கா தொட்டுப் பார்த்தாள். லேசான வீக்கம், லேசான சூடு. நாற்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த வீக்கம். நர்ஸிடம் ஐஸ் கேட்டு வாங்கித் துணியில் சுற்றி வைத்தாள். டியூட்டி டாக்டரிடம் போய், "உள்ள கசியுது போலிருக்கு. அடுத்த டோஸ் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கொஞ்சம் முன்னாடியே போட முடியுமா?" என்று கேட்டாள். இளம் டாக்டர். வந்து பார்த்தார், அழுத்திப் பார்த்தார். யாரிடமோ போனில் கேட்டார். காலையில் ஸ்கேன் எடுக்கலாம் என்று எழுதிவைத்து, மருந்தை அரை மணி முன்னதாகப் போடச் சொன்னார். தம்பி நன்றாகத் தூங்கினான்.

காலையில் ஸ்கேனுக்கு அழைத்துப்போகத் தள்ளுவண்டி வரவேண்டியிருந்தது. பத்து மணிக்குமேல் தம்பி, "அக்கா, ஜன்னலத் தொற. காத்தே வரல," என்றான்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது.

ரத்த நோய் டாக்டர் வராந்தாவுக்கு வந்தபோது பன்னிரண்டாகிவிட்டது. தம்பியின் கடைசி நாற்பது நிமிடமும் அவர் உள்ளேதான் இருந்தார். இப்போது முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். நெற்றியோரத்து முடி ஈரமாக இருந்தது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தம் எங்க போச்சு டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா. "வயித்துக்குள்ளயா?"

"ரத்தம் போகலம்மா. கால்ல ஒரு கட்டியா உறைஞ்சிருக்கு. அது நகந்து வந்து நுரையீரலுக்குப் போற குழாய அடைச்சிடுச்சு."

"அவனுக்கு உறையாதே."

அக்கா ஒரு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டும் குரலில் இன்னொரு முறை சொன்னாள். "இல்ல டாக்டர், அவனுக்கு உறையாது."

"அந்த மருந்து இருந்ததுல. அதுதான் இந்த நாலஞ்சு நாள் உறைய வெச்சுது. முழங்கால்ல உறையணும்னு குடுத்தோம். அது அங்கயும் உறைஞ்சிடுச்சு."

வராந்தாவில் ஒரு ஆள் தரை துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் துடைத்துவிட்டு நகர்ந்ததும் இறக்கினார்கள்.

"நேத்து காலு இறுகுதுன்னான். கசிவுன்னு நான்தான் சொன்னேன். ஐஸ் வெச்சேன்."

"ஐஸ் வெச்சதால ஒண்ணும் ஆகலம்மா. நானா இருந்தாலும் மொதல்ல கசிவுன்னுதான் நெனச்சிருப்பேன்."

"மருந்த முன்னாடியே போடச் சொன்னேனே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது.

"அது எங்க முடிவு," என்றார். "உங்களோடது இல்ல."

அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை அக்கா கவனித்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

சான்றிதழை நீட்டினார்கள். கையெழுத்துப் போடும்முன் படிப்பது அவள் பழக்கம். பெயர் சரி. வயது சரி. இறப்புக்கான காரணம் என்ற இடத்தில், நுரையீரல் நாளத்தில் ரத்தக்கட்டி. அதற்கு நேர் கீழே, உடனிருந்த நோய்கள் என்ற இடத்தில், ரத்தம் உறையாமை. மேல்வரியை நம்பினால் கீழ்வரி தப்பு. கீழ்வரியை நம்பினால் மேல்வரி தப்பு. அச்சகத்தில் என்றால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து 'ஆசிரியர் கவனிக்க' என்று எழுதியிருப்பாள். பேனா ஒரு கணம் ஓரத்துக்குப் போனது. பிறகு கீழே வந்து கையெழுத்துப் போட்டது.

டாக்டர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு விஷயம். கேக்கவே எனக்கு வாய் வரல."

"சொல்லுங்க."

"தம்பிக்குன்னு வாங்கி வெச்ச மருந்து ஃபிரிட்ஜ்ல பாக்கி இருக்கு. ரெண்டாவது மாடியில ஒருத்தர், ஓட்டல் சமையல்காரர். இதே நோய், இதே எதிர்ப்பு. குடல்வால் வெடிச்சு நேத்து ராத்திரி அவசரமா தொறக்க வேண்டியதாப்போச்சு. காலையிலேர்ந்து ரத்தம் நிக்கல. எங்க கையிருப்பு முடிஞ்சுது. சங்கத்துலேர்ந்து நாளைக்குத்தான் வரும். அந்தக் குப்பியெல்லாம் உங்களுக்குச் சேந்தது. நீங்க சரின்னு சொன்னாதான்…"

"இதே மருந்தா?"

"இதேதான்."

"அவருக்கும் இப்படி ஆனா?"

"ஆகலாம். ரொம்ப அபூர்வம், ஆனா ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. இது இல்லன்னா நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டாருங்கறத மட்டும் சொல்ல முடியும்."

அக்கா எழுந்தாள். "எங்க இருக்கு?"

யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார் டாக்டர். அவள் அதற்குள் நர்ஸ்களின் அறைக்குள் போய்விட்டாள். ஃபிரிட்ஜில் மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி, மேலே தம்பியின் பெயரும் கட்டில் எண்ணும் எழுதி ஒட்டியிருந்தது. நர்ஸ் அந்தக் காகிதத்தை உரிக்கப் போனாள். வராமல் பாதியில் கிழிந்தது. "இருக்கட்டும்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள் அக்கா. உடம்பை இறக்கிக் கொண்டுபோகும் தாள்கள் எல்லாம் தயாராக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். இரண்டாவது மாடிக்கு டாக்டரோடு படியேறிப் போனாள்.

சமையல்காரரின் மனைவி அறைக்கு வெளியே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் ஒரு கை முழுக்கக் காய்ந்த ரத்தம். துவைக்கவோ மாற்றவோ அவளுக்குத் தோன்றவில்லை போலிருந்தது. டாக்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே விரைந்ததும் அந்தப் பெண் எழுந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தேவையில்லாம மீந்துடுச்சுன்னு சொன்னாங்க. உங்க வீட்டுல யாருக்கு?"

"தம்பிக்கு."

"ஆபரேஷனுக்கா?"

"ஆமா. முழங்கால்."

"அவருக்கு இந்த மருந்து ஒத்துக்கிச்சாங்க?"

அக்கா அவள் ரவிக்கையின் கையைப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு ரத்தம் வரல," என்றாள்.

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிடித்த கைகளை விடவில்லை. அக்காவும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அக்கா பேசினாள். அன்று காலையிலிருந்து அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. ரத்தம் நின்ன பிற்பாடு, ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு, காலு வலிக்குதுன்னு அவரு சொல்லலாம். கெண்டைக்காலு. இறுகுது, வீங்குதுன்னு சொல்லுவாரு. நமக்குத்தான் தெரியுமேன்னு ஐஸ் வைக்காதீங்க. உள்ள கசியுதுன்னு நீங்களா எடுத்துச் சொல்லாதீங்க. வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. இதுவா இருக்குமா, வேற எதாவதா இருக்குமான்னு கேளுங்க. உடனே ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. காலையில பாக்கலாம்னு சொன்னா விடாதீங்க. சண்ட போடுங்க."

"சரிங்க."

"என்ன பண்ணணும்?"

"ஐஸ் வெக்கக்கூடாது. நானா கசிவுன்னு சொல்லக்கூடாது. சண்ட போடணும்."

"ஆமா," என்று சொல்லிவிட்டு அக்கா கைகளை விடுவித்துக்கொண்டாள்.

டிப்போ மெக்கானிக் கார் கொண்டுவந்திருந்தார். அவருக்கு 'ஸ்பேனர்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. உடம்பு பின்னால் ஆம்புலன்ஸில் வரட்டும், முன்னால் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அக்கா சொன்னாள். ஸ்பேனர் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சினார். அழுவது தெரியாமலிருக்க, கியர் சரியில்லை, கிளட்ச் சரியில்லை என்று வண்டியைத் திட்டிக்கொண்டு வந்தார். ஒரு சிக்னலில், "எங்கள்ட்ட டைம் பாத்து வேல வாங்கினவரு இவரு ஒருத்தர்தான்," என்றார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை.

அம்மா முன்னறையில் டெலிபோனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எழுபத்தாறு வயது. அந்த வீட்டில் மேஜை முனைகளுக்கெல்லாம் துணி சுற்றித் தைத்திருந்தது அவள்தான், தம்பி தவழ்ந்த காலத்தில். துணி நைந்தால் புதுசாகத் தைப்பாள், அவன் வேலைக்குப் போனபிறகும். அக்கா உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"எத்தன மணிக்கு?"

"பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ரொம்ப ரத்தம் போச்சா?"

அம்மாவின் தம்பி ஒன்பது வயதில் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இரண்டு நாள் கிடந்து செத்தவன். தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டதை அம்மா எப்போதாவது சொல்வாள். அம்மா 'சின்னவன்' என்று கூப்பிடும் தன் மகன் பிறந்து நோய் இன்னதென்று தெரிந்தபோது, அப்பாவின் வீட்டார் "உங்க வீட்டு ரத்தம்" என்றார்கள். ஒருமுறை சொன்னார்களோ, நூறு முறை சொன்னார்களோ, அம்மா அதை நாற்பத்துநாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் போகலம்மா," என்றாள் அக்கா. "உறைஞ்சு போய் அடைச்சிடுச்சு. நுரையீரல்ல."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவனுக்கா?"

"ஆமாம்மா."

"உங்கப்பாவுக்கு மாரு அடைச்சுதே, அந்த மாதிரியா?"

அப்படியே அல்ல. இரண்டும் வேறு. விளக்கிச் சொல்ல அக்காவுக்குத் தெரியும். டாக்டர் படம் போட்டே காட்டியிருந்தார்.

"ஆமா," என்றாள். "அந்த மாதிரிதான்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் முடிந்தது. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

"அப்ப அவரு பக்கத்துலேர்ந்து," என்றாள்.

பிறகுதான் அழ ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்கு நீ கையெழுத்துப் போட்டாயே என்று கேட்பாள் என அக்கா காத்திருந்தாள். கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்பேனரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி வந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். அம்மா அவர்களை வெளியே இருக்கச் சொன்னாள். போர்வையை விலக்கி, தம்பியின் நெற்றியிலிருந்து தொடங்கித் தோள், முழங்கை, விலா, இடுப்பு என்று விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைக் கதவோரம் நிறுத்தி அப்படித்தான் பார்ப்பாள். எங்கே இடித்துக்கொண்டான், எங்கே கன்றியிருக்கிறது என்று அவன் சொல்லமாட்டான், விரல் சொல்லிவிடும். வலது முழங்காலில் கட்டு இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள்.

"எங்கயும் கன்னல," என்றாள்.

"நல்லாதாம்மா பண்ணியிருந்தாங்க."

"ம்."

அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உள்ளே முகம் கழுவப் போனாள்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டிப்போவிலிருந்து ஷிப்ட் முடிந்தவர்கள் காக்கி உடுப்போடு வந்து சுவரோரம் நின்றார்கள். சிலர் தங்களை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அச்சக முதலாளி வந்து அக்காவிடம் ஒன்றும் சொல்லத் தெரியாமல், "அந்தப் புத்தகத்தோட ரெண்டாவது பாரம் புரூஃப் மெதுவாப் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். காரணத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொன்னாள். பாதிப் பேர், "ரத்தம் நிக்கலையா, பாவம்," என்றபடியே நகர்ந்தார்கள். ஏழெட்டுப் பேருக்குமேல் அவள் திருத்தவில்லை.

நாலரை மணிக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது மாடியில் ரத்தம் மட்டுப்பட்டிருக்கிறது, இப்போதைக்குத் தாங்குகிறார், சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றார். அக்கா நன்றி சொன்னாள். அவர் மனைவி இன்னும் அங்கே இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள், அரை மணிக்கு ஒரு தடவை அவர் காலைப் பற்றி விசாரிக்கிறாள், நர்ஸ்களோடு ஒரு சண்டைகூட ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

"நல்லது," என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

சவப்பெட்டி செய்கிறவர் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காதில் பென்சில், சட்டைப்பையில் சின்ன நோட்டு. வீட்டில் யாரிடம் கேட்பது என்று பார்த்துவிட்டு அக்காவிடம் வந்தார்.

"நீளம் சொல்லிட்டீங்கன்னா போய் ஆரம்பிச்சிடுவேன்மா. காலையில எட்டுக்குள்ள வந்துடும்."

"அஞ்சடி நாலு," என்றாள் அக்கா. அவன் வேலையில் சேர்ந்தபோது எழுதிய விண்ணப்பத்தில் அதுதான் இருந்தது. ஆஸ்பத்திரி அட்டையிலும் அதுதான்.

அவர் எழுதிக்கொண்டார். கிளம்பப் போனவர், பழக்கத்தில் டேப்பை இழுத்துக் கட்டிலோரம் குனிந்தார். தலைமாட்டிலிருந்து பாதம்வரை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து, டேப்பின் நுனியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அளந்தார்.

"அஞ்சடி ஆறு வருதேம்மா."

அக்கா கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்கடியில் இடது முழங்கால் எப்போதும்போல ஒரு மேடாக இருந்தது. வலது கால் இடுப்பிலிருந்து பாதம்வரை நேராகக் கிடந்தது.

"ரெண்டு தடவ பாத்துட்டேன்," என்றார் அவர், ஏதோ தன்மேல் தப்பு வந்துவிட்டதுபோல. "எத எழுத?"

"நீங்க அளந்ததே சரி," என்றாள் அக்கா. "அதையே எழுதிக்கோங்க."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, நாலை அடித்துவிட்டு, மேலே ஆறு என்று எழுதினார்.